சுருட்டி வைத்த ஐம்பது மீட்டர்

ஆபீஸில் தண்ணீர் கேனுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தைப் பற்றி உங்களில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், தலைமுடி கறுப்பாகவும் வயிறு உள்ளேயும் இருக்கிற அந்த ஆள் நான்தான். பின்னால் நிற்பது நம் பழைய மருத்துவ டிரெய்லர். என் தோளுக்குப் பக்கத்தில் இரும்பு டிரம்மில் கரண்ட் கேபிள் ஒரு சுற்றுகூடப் பிசகாமல் சுற்றியிருக்கிறது. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நீட்டா வச்சிருக்கீங்க சார்" என்றாள். நல்ல மனதோடு சொன்னாள். நான் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், ஆபீஸுக்குச் சும்மா வந்து போகிறவன். நாளைக்குக் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகப் போகிறவர்கள் நீங்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அந்த அழகான கேபிளால் ஒரு மனுஷனின் மூச்சு நின்று போகப் பார்த்தது. அவன் எனக்கு யாரோ இல்லை, என் ஜோடி.

ஜோடி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறு மாதிரி நினைப்பீர்கள். மைன்ஸில், அதாவது தங்கச் சுரங்கத்தில், ஒரு டிரில்லுக்கு இரண்டு பேர். ஒருத்தன் மெஷினைப் பிடித்துப் பாறையில் துளை போடுவான். இன்னொருத்தன் அந்த மெஷினுக்குக் காற்று வருகிற ரப்பர் ஹோஸைப் பார்த்துக்கொள்வான். அவர்கள் ஜோடி. முனிரத்தினம் மெஷின், நான் ஹோஸ். பதினொரு வருஷம் சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற ஒரே கேஜில் இறங்கி ஒரே கேஜில் ஏறினோம். அவன் என்னைவிட ஆறு மாதம் பெரியவன், அதை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் பெரியவன் மாதிரி அதிகாரம் பண்ணுவான்.

பூமிக்கு அடியில் நாங்கள் வேலை பார்த்த தளத்தில், எங்கள் லெவலில், ஹோஸுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த நோட்டீஸ் போர்டிலும் எழுதவில்லை, ஆனால் மீறினால் அடுத்த ஷிஃப்ட்காரன் காது கூசுகிற மாதிரி திட்டுவான். வேலைக்கு எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவுதான் தரையில் கிடக்கலாம். மிச்சம் அத்தனையும் இறுக்கிச் சுருட்டிச் சுவர் ஆணியில் தொங்க வேண்டும். ஏன் என்றால், அங்கே அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெடித்தால் விளக்கு வெளிச்சத்தில் தூசிதான் தெரியும், வழி தெரியாது. ஓடுகிறவன் காலில் ஒரு முழம் ஹோஸ் சிக்கினாலும் கதை முடிந்தது.

ஒருநாள் அப்படி வெடித்தது. முனிரத்தினம் எனக்குப் பின்னால் இருந்தான். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே வந்து உட்கார்ந்து இருமி முடித்த பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஹோஸ நல்லா சுருட்டி வச்சிருந்தடா." பதினொரு வருஷத்தில் அவன் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ரொம்பப் பத்திரமாக வைத்துக்கொண்டேன் என்பதுதான் பின்னால் வந்த வினை.

மைன்ஸ் மூடினார்கள். நாலைந்து வருஷம் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து கட்டட வேலைகளில் வயரிங் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் இந்த டிரெய்லரில் வேலை கிடைத்தது. உங்களுக்குத் தெரிந்த வண்டிதான். ஜீப் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே மார்பு எக்ஸ்ரே எடுக்க ஒரு அறை, ஒரு கட்டில், மருந்துக்கு ஒரு ஃபிரிஜ், மூச்சுத் திணறல் வருகிறவர்களுக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின். பாறைத் தூசி நெஞ்சில் இறங்கிய பழைய தொழிலாளிகள் இருக்கிற, கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கெல்லாம் மாதம் ஒரு தடவை போவோம். வண்டிக்கென்று சொந்தமாகக் கரண்ட் கிடையாது. போகிற இடத்தில் சர்ச்சோ, பள்ளிக்கூடமோ, யாராவது ஒரு பிளக் பாயின்ட் கொடுத்தால்தான் வேலை. அதனால் கேபிள்தான் எங்களுக்கு உயிர்.

வண்டிக்குப் பொறுப்பு ஒரு நர்ஸ். எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கத்துப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பெயரைப் போட்டால் என்னை விடமாட்டார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எதையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. குழந்தையின் நெற்றி, மருந்துப் பெட்டி, ஸ்விட்ச் போர்டு, ஜீப் எஞ்சின், எல்லாம் புறங்கை. நான் அதை வைத்து நிறையக் கேலி பண்ணியிருக்கிறேன். டீ கொடுத்தால்கூடப் புறங்கையைத்தான் வைப்பார் என்று டிரைவரிடம் சொல்வேன்.

கேபிள் வாங்க என்னை ஆண்டர்சன்பேட்டை கடைக்கு அனுப்பினபோது, "தடிமனா வாங்குங்கண்ணா, நீளம் பாத்துக்கலாம்" என்றார். நான் நேரெதிராகச் செய்தேன். ஐம்பது மீட்டர் நீளம் எடுத்தேன், தடிமனில் ஒரு படி இறங்கினேன். எங்கே நிறுத்தினாலும் எட்டும், யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம் என்று என் கணக்கு. சிஸ்டர் கேபிளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீளம் எதுக்குண்ணா, நாம எங்க போனாலும் இருபது முப்பது அடி தள்ளித்தானே நிக்கறோம்" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மைன்ஸில் வேலை பார்த்தவனுக்கு வயர் பற்றிச் சொல்லித் தருகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. கட்டட வேலையில் நான் கற்றது சுவருக்குள் ஓடுகிற வயர்தான், டிரம்மில் சுற்றுகிற கேபிள் இல்லை என்பதை அப்போது யோசிக்கவில்லை.

அதோடு விட்டேனா? பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஹோஸ் டிரம் பிடித்து, பெயின்ட் அடித்து, வண்டியின் பின்பக்கம் ஆணி வைத்து மாட்டினேன். போகிற இடத்தில் வேண்டிய பத்து மீட்டரை மட்டும் இழுத்து விடுவேன். மிச்ச நாற்பதும் டிரம்மில் இறுக்கமாகச் சுற்றியபடி இருக்கும். தரையில் ஒரு சாண்கூட அநாவசியமாகக் கிடக்காது. நோயாளிகள் எல்லாம் என் வயசு ஆட்கள், லெவலில் வேலை பார்த்தவர்கள். வரிசையில் நிற்கும்போது டிரம்மைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதும்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும், ஐ.டி.ஐ. படித்தவர்கள். ஹோஸில் போவது காற்று. சுருட்டி வைத்தாலும் விரித்து வைத்தாலும் காற்றுக்கு ஒன்றுதான். கரண்ட் அப்படி இல்லை. கேபிள் சுடும். விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிச் சுற்றினால் நடுவில் இருக்கிற சுற்றின் சூடு எங்கே போகும்? எங்கும் போகாது. உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். இது தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் கை வேறு ஒன்றைக் கற்றிருந்தது. கை கற்றதை மூளை தட்டிக் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் ஒன்றும் ஆகாததால் கேட்கவும் தோன்றவில்லை.

அந்த நாள் மாரிகுப்பம் பக்கத்து லைனில் முகாம். அங்கே ஒரு சின்ன புத்த விஹாரம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு ஹால். அதைப் பார்த்துக்கொள்கிற அம்மா எப்போதும் எங்களுக்குப் பிளக் பாயின்ட் கொடுப்பார், கூடவே மோரும் கொடுப்பார். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வண்டிக்குப் பண உதவி செய்கிறவர்கள் நாலு பேர் பெங்களூரிலிருந்து பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்காக நான் இரண்டு ஏ.சி.யையும் போட்டுவிட்டேன். சாதாரண நாளில் எக்ஸ்ரே அறையில் மட்டும்தான் போடுவோம்.

வந்தவர்களில் ஒருவருக்கு என் டிரம் ரொம்பப் பிடித்துவிட்டது. "சென்னாகிதே, சென்னாகிதே" என்று கன்னடத்தில் பாராட்டிக்கொண்டே என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். சாய்ந்து நிற்கச் சொன்னார். சாய்ந்தேன். சட்டைக்குள் தோள் சுட்டது.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். தோள் சுட்டது எனக்குத் தெரிந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் டிரம் இருந்தது நிழலில். கொஞ்ச நேரம் கழித்து ரப்பர் வேகிற வாசனை வந்தது. லைனில் யாரோ டயர் எரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தெரியும். இவ்வளவு பேர் பாராட்டிக்கொண்டிருக்கும்போது டிரம்மைக் கழற்றித் தரையில் பரப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவர்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற பழைய ஷாஃப்ட் குழியைப் பார்க்கக் கிளம்பட்டும், போனதும் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர்களும் கிளம்பினார்கள், நம் ஜீப்பிலேயே. என் டூல்ஸ் பெட்டி ஜீப்பில் இருந்தது. அதை இறக்கி வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் முனிரத்தினத்தை அவன் மனைவி குப்பம்மா கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த மாதம் அவன் எக்ஸ்ரேக்கு வரவேண்டிய நாள்தான். ஆனால் வந்த விதம் சரியில்லை. உதடு நீலமாக இருந்தது. ஒரு வார்த்தைக்கு இரண்டு மூச்சு வாங்கினான். சிஸ்டர் அவனைக் கட்டிலில் சாய்த்து மாஸ்க்கைப் போட்டு மெஷினை ஓடவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது, வர முக்கால் மணியாவது ஆகும் என்றார்கள். மெஷின் ஓடுகிறவரைக்கும் கவலையில்லை என்று குப்பம்மாவிடம் சிஸ்டர் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் பின்பக்கம் ஓடினேன். டிரம்மின் நடுவிலிருந்து புகை நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. தொட்டேன், கேபிளின் தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபியூஸ் போகவில்லை. எவ்வளவு கரண்ட் போகிறது என்றுதான் அதற்குத் தெரியும், எவ்வளவு சுடுகிறது என்று தெரியாது. இன்னும் சில நிமிஷத்தில் உள்ளே இருக்கிற கம்பிகள் ஒன்றோடொன்று தொடும். தொட்டால் தகரப் பெட்டி மாதிரி இருக்கிற அந்த வண்டியில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். நிறுத்தினால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் முனிரத்தினம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்தேன். வண்டிக்குள் போய் எல்லோர் முன்னாலும், "சிஸ்டர், கேபிள் வேகுது. சுருட்டி வச்சது என் தப்பு. முன்னாடியே தெரிஞ்சுது, சொல்லல" என்றேன். குப்பம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாருக்கும் விளக்கப் போவதில்லை.

சிஸ்டர் திட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தது, அதன் முள்ளைப் பார்த்தார். "இது கால் மணி நேரம் வரும்" என்று சொல்லிக்கொண்டே மாஸ்க்கை அதற்கு மாற்றினார். மாற்றிவிட்டு, "இப்ப நிறுத்துங்க" என்றார். நான் ஹாலுக்கு ஓடி ஸ்விட்சை அணைத்தேன். ஏ.சி. இரைச்சல் நின்றதும் வண்டிக்குள் முனிரத்தினத்தின் மூச்சு தனியாகக் கேட்டது.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டில் கத்தி வாங்கிக்கொண்டு வந்து கேபிளை வெட்டத் தொடங்கினேன். வெந்த பகுதியை எடுத்துவிட்டு, நல்ல பகுதியைப் பிடித்து வண்டியின் கரண்ட் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்று மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் இல்லை, டேப் இல்லை. ஆனாலும் வெட்டுகிறேன். என் கேபிள், என் டிரம், நான்தான் சரி பண்ண வேண்டும் என்ற வெறி.

சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். "ஜாயின்ட் போட எவ்ளோ நேரம் ஆவும்?"

"தெரியல சிஸ்டர்."

"போட்டா தாங்குமா?"

"தெரியல."

"கேபிள விடுங்கண்ணா. வண்டிக்கு இப்ப கரண்ட் வேணாம். அவருக்குத்தான் வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரே வேண்டாம், ஃபிரிஜ் வேண்டாம், ஏ.சி. வேண்டாம். அந்த ஒரு மெஷினுக்கு வேண்டியது ஒரு கிரைண்டர் இழுக்கிற அளவு கரண்ட். அதற்கு ஹாலில் இருக்கிற சாதாரணப் பிளக்கே போதும். மெஷினையும் ஆளையும் தூக்கிக்கொண்டு இருபது அடி நடந்தால் முடிந்தது. இவ்வளவு நேரம் கரண்டை ஆளிடம் கொண்டுவரப் பார்த்தேனே தவிர, ஆளைக் கரண்டிடம் கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் மெஷின் சும்மா நிற்கவில்லை. வண்டி ஓடும்போது சாயாமல் இருக்க நாலு போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கியிருந்தது. இறுக்கியது யார்? நான்தான். மூன்று பேர் தொங்கினாலும் அசையாது என்று பெருமை வேறு அடித்திருந்தேன். ஸ்பேனர் ஜீப்பில். ஜீப் ஷாஃப்ட் பக்கம்.

வரிசையில் நின்றிருந்தவர்களிடம் சிஸ்டர் போய், யார் வீட்டிலாவது ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. மைன்ஸ் மூடியபோது லைனில் எல்லார் வீட்டுக்கும் ஒரு ஸ்பேனர் நடந்து வந்திருந்தது. எப்படி வந்தது என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. இப்போது ஒரு நர்ஸ் தெருவில் நின்று வெளிப்படையாகக் கேட்கிறார்.

முதலில் அசைந்தது ஒரு பெரியவரின் மனைவி. "அட போய்யா, ஆள் சாவப் போறாரு, உனக்கு மானம் கெட்டுதாக்கும்" என்று புருஷனைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் பரணிலிருந்தும் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்தும் சாமான்கள் இறங்கின. இரண்டு நிமிஷத்தில் வண்டிப் படியில் ஒன்பது ஸ்பேனர். எண்ணெய் போட்டுத் துணி சுற்றி வைத்தது வைத்தபடி. ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. அந்த மனுஷர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. வேலை போய் அத்தனை வருஷம் ஆகியும், ஒரு நாளைக்கு வேண்டும் என்று யாரும் சொல்லாமலே துடைத்து வைத்திருந்தார்கள். நாலாவது ஸ்பேனர் போல்ட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது.

நான் கழற்றுகிறபோது கிழவர்கள் நாலைந்து பேர் மெஷினைத் தூக்கத் தயாராக வண்டிக்குள் ஏறினார்கள். சிஸ்டர் வாசலை மறித்துக்கொண்டார். "மைன்ஸுல வேலை பாத்தவங்க ஒருத்தரும் எதையும் தூக்கக் கூடாது. இன்னொருத்தருக்கு மாட்ட என்கிட்ட மாஸ்க் இல்ல. அவங்க வீட்டு அம்மாங்க வாங்க" என்றார்.

வந்தார்கள். மெஷினை மூன்று பேர் எடுத்துக்கொண்டு போனார்கள், குடத்தை இறக்குகிற மாதிரி அலுங்காமல். முனிரத்தினத்தை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். நாற்காலியின் ஒரு முன்கால் குப்பம்மா கையில். சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் பக்கத்திலேயே வந்தார். முனிரத்தினத்துக்கு மூச்சு இல்லை, ஆனால் வெட்கம் இருந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து என்னவோ முனகினான். "பேசாம வா, கல்யாணத்தன்னிக்கு நீ என்னைத் தூக்கினியா இன்னா" என்றாள் குப்பம்மா. தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாற்காலி ஆடியது. சிஸ்டர் ஒரு பார்வை பார்த்தார், ஆட்டம் நின்றது.

விஹாரத்து அம்மா ஹாலில் பாய் விரித்து, எதிரே இருந்த பூத்தட்டையெல்லாம் நகர்த்தி வைத்திருந்தார். மெஷின் ஓடத் தொடங்கியபோது சிலிண்டரில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மாஸ்க்கை மாற்றினோம். பிறகு அவன் விரல் நகம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்புவதை நான் பார்த்தேன். ஹால் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் குப்பம்மாவிடம் ஏதோ அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் டிரம்மைக் கழற்றினோம். உள்சுற்றுகள் எல்லாம் உருகி ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. சிஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்போதுதான் ஏன் என்ற கேள்வியைக் கேட்டார். எதற்காக இப்படிச் சுருட்டி வைக்கிற பழக்கம் வந்தது என்றார். நான் லெவல், ஹோஸ், பாறை வெடித்தது எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நல்ல பழக்கம்தாண்ணா. அது கீழ இருக்க வேண்டிய பழக்கம்" என்றார். என் வேலை போகும் என்று நினைத்திருந்தேன். மறுநாள் என்னையே கடைக்கு அனுப்பினார். தடிமனாகப் பதினைந்து மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் இன்றைக்குப் பெரிய வளையமாக, இறுக்காமல், வெயில் படாமல் உள்ளே மாட்டி வைக்கிற கேபிளுக்கு அதுதான் அம்மா. நிறுத்தின இடத்தில் முழுக்க வெளியே எடுத்து விரித்துவிட வேண்டும் என்ற சட்டமும் அன்றைக்குப் பிறந்ததுதான். நடைவழியில் குறுக்கே வந்தால் சுவரோரமாகக் கொண்டுபோங்கள், கால் தடுக்குமே என்று மறுபடி சுருட்டாதீர்கள்.

பத்து நாள் கழித்து பெங்களூர்க்காரர்கள் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அனுப்பினார்கள். நான் ஒளித்து வைத்தேன். சிஸ்டர் தேடி எடுத்து, தினமும் எல்லோரும் தண்ணீர் குடிக்க நிற்கிற இடமாகப் பார்த்து மாட்டினார். அவமானப்படுத்துகிறாரோ என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் நானே உற்றுப் பார்த்தேன். படத்தில் என் தோள் டிரம்மில் சாய்ந்திருக்கிறது, சிரித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் கண் சிரிக்கவில்லை. அதை மட்டும் பாருங்கள். தெரிந்தும் சொல்லாமல் நிற்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். கேபிள் எவனுக்கும் கெடும். வாசனை வந்ததும் வாயைத் திறந்திருந்தால் சிலிண்டர் முள்ளை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

முனிரத்தினம் தேறிவிட்டான். அடுத்த மாதம் முகாமுக்கு வந்தவன் நம்பர் சீட்டு வாங்கவில்லை, என்னிடம் பேசவில்லை. நேராக ஹால் பிளக்குக்குப் போனான். அங்கிருந்து வண்டி வரைக்கும் கேபிளோடு கூடவே நடந்து, நாலு அடிக்கு ஒரு தடவை குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தான். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு குனிந்து நிமிர அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வரிசை மொத்தமும் காத்திருந்தது. கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "சூடு இல்ல. வேலையப் பாரு" என்றான். மன்னித்துவிட்டான் என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் அதுதான் நடந்தது. தன் உயிர் அதில் போய்வருகிறது, தான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்பான். அவன் தொட்டுப் பார்த்த பிறகுதான் சிஸ்டர் முதல் ஆளைக் கூப்பிடுவார். ஐந்து வருஷம் அப்படிப் போனது.

போன வருஷம் அவன் போய்விட்டான். வீட்டில், தூக்கத்தில், குப்பம்மா பக்கத்தில் இருக்கும்போது. நெஞ்சில் இருந்த தூசியை யாராலும் எடுக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதற்கடுத்த முகாம், நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய மாதம். அதே லைன், அதே ஹால். கேபிளை முழுக்க விரித்துப் போட்டேன். ஸ்விட்சைப் போட்டேன். மெஷின்கள் எல்லாம் ஓடத் தொடங்கின. சிஸ்டர் படியில் நின்றார், முதல் ஆளைக் கூப்பிடவில்லை. நானும் எதற்கென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். வரிசையும் நகரவில்லை.

குப்பம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஹால் பிளக்கில் ஆரம்பித்து, நாலு அடிக்கு ஒரு தடவை குனிந்து, புறங்கையால் தொட்டுக்கொண்டே வண்டி வரைக்கும் வந்தாள். நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சூடு இல்லண்ணா," என்றாள். "வேலையப் பாருங்க."